ஆட்டக் கணக்கில் தண்டனை

அமெரிக்கக் கால்பந்தில் தண்டனையை அளக்கும் அலகு ஆட்டம். நீதிமன்றம் நாளாகவும் மாதமாகவும் எண்ணுவதை என்.எஃப்.எல். ஆட்டங்களாக எண்ணுகிறது. அந்தத் தொழில்முறைக் கூட்டமைப்பில் 32 அணிகள். 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 17 ஆட்டங்கள், அதற்கு முன் 16. வீரரின் அடிப்படைச் சம்பளம் தவணையாக வருகிறது; தடையில் கழியும் ஆட்டங்களுக்கான பங்கு கிடைக்காது. 4 ஆட்டத் தடை என்றால் ஆண்டுச் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. வீரர் ஒருவரின் விளையாட்டு ஆயுள் சராசரியாக 3.3 ஆண்டுகள்தான் என்று வீரர் சங்கம் சொல்லிவருகிறது. அந்தக் குறுகிய காலத்தில் ஒரு முழுப் பருவத்தை இழப்பது எவ்வளவு பெரிய வெட்டு என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். தடைக் கடிதம் வந்ததும் வீரரின் வழக்கறிஞர் முதலில் புரட்டுவது விதிப்புத்தகத்தை அல்ல, சம்பள ஒப்பந்தத்தைத்தான். பல ஒப்பந்தங்களில், இடைநீக்கம் செய்யப்பட்டால் உத்தரவாதத் தொகைகள் உத்தரவாதம் இழக்கும் என்று ஒரு வரி இருக்கும். தடையால் நேரடியாகப் போகும் பணத்தைவிட அந்த வரியால் போவது பல மடங்காக இருக்கலாம்.

தண்டிக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வீரரும் கையெழுத்திடும் பொது ஒப்பந்தத்தின் 15ஆம் பத்தியிலிருந்து. விளையாட்டின் நேர்மைக்கும் மக்கள் அதன்மேல் வைத்த நம்பிக்கைக்கும் கேடு செய்தவர் என்று ஆணையர் கருதும் எவருக்கும் அபராதம் விதிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், ஒப்பந்தத்தையே ரத்துசெய்யலாம் என்கிறது அது. ஆணையரை நியமிப்பவர்கள் அணி உரிமையாளர்கள். அவருடைய தீர்ப்பின்மேல் வரும் மேல்முறையீட்டை அவரோ அவர் நியமிப்பவரோதான் விசாரிக்கலாம் என்று கூட்டமைப்பும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டுப் பேர ஒப்பந்தத்தின் 46ஆம் பிரிவு நெடுங்காலம் சொல்லிவந்தது. வழக்குத் தொடுப்பவர், தீர்ப்பளிப்பவர், மேல்முறையீட்டைக் கேட்பவர் மூவரும் ஒருவரே. இது நீதிமன்றம் போலத் தோன்றினாலும் ஒரு முதலாளி தன் தொழிலாளிமேல் எடுக்கும் நடவடிக்கைதான். பின்னால் வந்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை.

அந்த அதிகாரம் பெரிதாகப் பயன்பட்டது 1963இல், சூதாட்டத்துக்கு எதிராக. கிரீன் பே பேக்கர்ஸின் பால் ஹார்னுங், டெட்ராய்ட் லயன்ஸின் அலெக்ஸ் கர்ராஸ் இருவரையும் ஆட்டங்கள்மேல் பந்தயம் கட்டியதற்காக ஆணையர் பீட் ரோசெல் காலவரையின்றி நீக்கினார். ஹார்னுங் 1961இல் கூட்டமைப்பின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். இருவரும் ஒரு முழுப் பருவத்தை இழந்து 1964இல் திரும்பினர். சூதாட்டம் என்று வரும்போது கூட்டமைப்பு அன்றிலிருந்து கறாராகவே இருக்கிறது. 2022இல் அட்லாண்டா ஃபால்கன்ஸின் கால்வின் ரிட்லி, அணியை விட்டு விலகியிருந்த நாட்களில் 1,500 டாலர் பந்தயம் கட்டியதாகச் சொல்லி, ஒரு பருவம் முழுதும் தடைபெற்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பந்தய நிறுவனங்களைத் தன் அதிகாரபூர்வப் பங்காளிகளாகக் கூட்டமைப்பு சேர்த்துக்கொண்டிருந்தது. இந்த முரணை வீரர்கள் கவனிக்காமல் இல்லை.

போதைப்பொருளின் கதை வேறு வகை. அது அணிகளே வீரருக்குக் கொடுத்த பொருளிலிருந்து தொடங்குகிறது. 1963இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் வலிமைப் பயிற்சியாளர் ஆல்வின் ராய், டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பயிற்சி முகாமில் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தார். அந்த ஆண்டு அணி கோப்பையை வென்றது. அப்போது அது எந்த விதியையும் மீறவில்லை. அதைத் தடுக்கும் விதியே இல்லை. 1960களிலும் 70களிலும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் உடைமாற்றும் அறைகளில் தாராளமாகப் புழங்கின. 1974இல் அதே சார்ஜர்ஸ் அணியின் வீரர்கள் எட்டுப் பேருக்கும் பொது மேலாளர் ஹார்லண்ட் ஸ்வேருக்கும் ரோசெல் அபராதம் விதித்தார். மருந்துக்காகக் கூட்டமைப்பு பகிரங்கமாகத் தண்டித்த ஆரம்ப கால நிகழ்வுகளில் அது ஒன்று.

கோகெய்ன் வந்ததும் நிலைமை மாறியது. 1982 ஜூனில் முன்னாள் வீரர் டான் ரீஸ், இந்தப் பொருள் ஆட்டத்தையே ஆட்டிப்படைக்கிறது என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் எழுதினார். கோகெய்ன் விற்ற வழக்கில் சிறை சென்று வந்தவர் அவர். அதே ஆண்டு 57 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் உருவான ஒப்பந்தம், சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் வீரரைச் சோதிக்கலாம் என்று அனுமதித்தது. 1986இல் முன்னறிவிப்பில்லாத சோதனையை ரோசெல் தானாகக் கொண்டுவரப் பார்த்தார். சங்கத்தோடு பேசாமல் செய்ய முடியாது என்று தொழில் தகராறு நடுவர் தடுத்தார். 1988இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் 30 நாள் நீக்கப்பட்டார். தற்காப்பு வீரர்களில் அவருக்கு இணையில்லை என்பார் உண்டு. சோதனைக்குத் தன் சிறுநீருக்குப் பதில் சக வீரர்களுடையதைக் கொடுத்துத் தப்பியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1989 ஜனவரியில் மயாமியில் சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டிக்கு முந்திய இரவு, சின்சினாட்டி பெங்கால்ஸின் ஸ்டான்லி வில்சன் விடுதி அறைக் குளியலறையில் கோகெய்ன் மயக்கத்தில் கண்டெடுக்கப்பட்டார். ஏற்கெனவே இருமுறை நீக்கப்பட்டிருந்த அவர் அதன் பிறகு ஆடவே இல்லை. மறுநாள் அணி 20–16 என்று தோற்றது.

ஸ்டீராய்டுக்கான சோதனை 1987இல் தொடங்கியது. 1989இல் தண்டனை சேர்ந்தது. 1990 முதல் ஆண்டு முழுதும் குலுக்கல் முறையில் நடக்கிறது. பருவத்தில் வாரந்தோறும் ஒவ்வோர் அணியிலும் 10 பேரைக் கணினி தேர்ந்தெடுக்கும். மாதிரி எடுப்பவர் அணியின் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வருபவர். வீரர் சிறுநீர் கழிப்பதை அவர் நேரில் நின்று பார்க்க வேண்டும். இது இரு தரப்புக்கும் கூச்சமான வேலை. ஆனால் இந்தத் தொழிலில் நம்பிக்கைக்கு இடமில்லை. சிறுநீர் அளவுக்கு மீறி நீர்த்திருந்தால் அதுவே சந்தேகம். அடர்த்தியை அங்கேயே அளந்து, மறுபடி கேட்பார்கள். மாதிரி ‘ஏ’, ‘பி’ என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஊக்கமருந்தில் பார்ப்பது டெஸ்டோஸ்டீரானுக்கும் எபிடெஸ்டோஸ்டீரானுக்கும் உள்ள விகிதம். 6:1 என்றிருந்த வரம்பு 2005இல் 4:1 ஆகக் குறைந்தது. வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தம் வேண்டும். அதற்கு 2011இல் கொள்கையளவில் உடன்பட்டும், விஞ்ஞானம் சரிதானா என்று சங்கம் வாதாடியதில் சோதனை 2014இல்தான் தொடங்கியது.

ஏமாற்றும் வழிகளுக்கும் பஞ்சமில்லை. 2005 ஏப்ரலில் மின்னசோட்டா வைக்கிங்ஸின் ஆன்டேரியோ ஸ்மித், மினியாபொலிஸ் விமான நிலையத்தில் பொடியாக்கிய சிறுநீர்க் குப்பிகளோடும் பொய்யுறுப்பு பொருத்திய ஒரு கருவியோடும் சிக்கினார். நாடே சிரித்தது, சில வாரங்களில் ஒரு பருவத் தடை வந்தது. சிரிக்க முடியாத வழக்கு 2008இல் வந்த ஸ்டார்கேப்ஸ். எடை குறைப்புக்காகக் கடையில் விற்ற இந்த மாத்திரையில் பூமெட்டனைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி கலந்திருந்தது. உறையில் அது குறிப்பிடப்படவில்லை. சிறுநீர்ப்பெருக்கி ஸ்டீராய்டை மறைக்கும் என்பதால் அது தடைப்பட்ட பொருள். வைக்கிங்ஸின் பாட் வில்லியம்ஸ், கெவின் வில்லியம்ஸ் உட்படச் சிலர் சிக்கினர். உடலில் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையதே என்பது விதி. தெரியாமல் விழுங்கினேன் என்பது பதிலாகாது. ஆனால் அந்த மாத்திரையில் அந்தப் பொருள் இருப்பது மருந்துத் திட்டத்தை நடத்தியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெயர் சொல்லி அவர்கள் வீரர்களை எச்சரிக்கவில்லை. மின்னசோட்டா மாநிலத் தொழிலாளர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர்கள் பல ஆண்டு போராடினார்கள். பரிசோதனைச் சாலையைவிட நடைமுறைத் தவறுகளில்தான் வழக்கு வெல்லலாம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கற்றது இத்தகைய வழக்குகளிலிருந்துதான்.

கஞ்சாவுக்கு வந்தால் எண்களின் வினோதம் தெரியும். கோகெய்னின் தடயம் இரண்டு மூன்று நாளில் உடலை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் தடயம் கொழுப்பில் தங்குவதால் அடிக்கடி புகைப்பவர் உடலில் வாரக்கணக்கில் இருக்கும். ஆக, சோதனை யாரைப் பிடிக்கும் என்பதை ஆபத்தின் அளவைவிட வேதியியலே தீர்மானித்தது. 2020 வரை, சிக்கியவர்களுக்கான கண்காணிப்புத் திட்டத்துக்குள் வராத வீரரை ஏப்ரல் 20க்கும் ஆகஸ்ட் 9க்கும் இடையில் ஒரே முறைதான் சோதித்தார்கள்; அதற்கு முன் நிறுத்தத் தெரியாதவர் தோற்பது அறிவுச் சோதனையில்தான் என்று வீரர்களே கேலி செய்தார்கள். ஆனால் ஒருமுறை சிக்கித் திட்டத்துக்குள் போனால், மாதத்துக்குப் பத்து முறை வரை சொல்லாமல் வந்து சோதிக்க முடிந்தது.

கிளீவ்லண்டு பிரவுன்ஸின் ஜோஷ் கோர்டன் அந்த வலையில் இருந்தவர். 2014இல் அவருடைய ‘ஏ’ மாதிரி 16 நானோகிராம் காட்டியது, ‘பி’ மாதிரி 13.6. அன்றைய வரம்பு மில்லிலிட்டருக்கு 15. எந்தக் குப்பி ‘ஏ’ என்று பெயர் பெற்றது என்பதில் ஒரு மனிதரின் ஆண்டு தொங்கியது. ‘பி’ மாதிரி பொருள் இருப்பதை உறுதிப்படுத்தினால் போதும், வரம்பைத் தாண்ட வேண்டியதில்லை என்பது விதி. ஓராண்டுத் தடை உறுதியானது. ஒலிம்பிக் விளையாட்டில் அப்போது வரம்பு 150. சில வாரங்களில் சங்கமும் கூட்டமைப்பும் புதுக் கொள்கைக்கு உடன்பட்டு, வரம்பு 35 ஆக உயர்ந்தது. கோர்டனின் தடை 10 ஆட்டமாகக் குறைந்தது. 2020 ஒப்பந்தத்தில் வரம்பு 150 ஆனது. சோதனையில் சிக்கியதற்காக மட்டும் இடைநீக்கம் என்பது ஒழிந்தது. சோதனைக் காலமும் பயிற்சி முகாமின் தொடக்க நாட்களாகச் சுருங்கியது. 2024 இறுதியில் வரம்பு 350. அதே மனிதர், அதே புகை. பத்தாண்டில் குற்றம் ஏறக்குறையக் காணாமற்போனது. கஞ்சா மாறவில்லை, பல மாநிலங்களின் சட்டமும் பேரம்பேசும் மேசையும் மாறின.

தடைப்பட்ட பொருள்களைவிட அனுமதிக்கப்பட்டவை செய்த சேதம் அதிகம் என்று சொல்ல இடமுண்டு. 1996இல் கிரீன் பேயின் பிரெட் ஃபாவ்ர், விக்கோடின் என்ற வலிநிவாரணிக்கு அடிமையானதை அறிவித்து கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் 46 நாள் சிகிச்சை பெற்றார். அதற்கு முந்தைய பருவத்தில்தான் கூட்டமைப்பின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றிருந்தார். 2011இல் லிண்டா காட்லர் தலைமையில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 644 ஓய்வுபெற்ற வீரர்களிடம் பேசியது. 52 சதவீதம் பேர் ஆடிய காலத்தில் ஓபியாய்டு மாத்திரை எடுத்தவர்கள். அவர்களில் 71 சதவீதம் பேர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். ஆட்டத்துக்கு முன் டோரடால் ஊசி போடுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 2014இல் ரிச்சர்டு டென்ட் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் கூட்டமைப்பின்மேல் இதற்காக வழக்குத் தொடுத்தனர். அணியின் வெள்ளைக் கோட்டுக்காரர் கொடுத்த மாத்திரைக்குச் சோதனையில் தண்டனை இல்லை. வலி தாங்காமல் வீட்டில் புகைத்ததற்கு உண்டு. கஞ்சா வரம்பு உயர்ந்ததற்கு வீரர்களிடமிருந்து வந்த வலுவான வாதம் இதுதான்.

இனி குற்றம். கால்பந்து வீரர்கள் பொதுமக்களைவிட அதிகம் குற்றம் செய்கிறவர்களா? 1998இல் ஜெஃப் பெனடிக்ட், டான் யேகர் எழுதிய நூல், தாங்கள் பின்னணி தேடிய 509 வீரர்களில் 109 பேர், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் என்றது. தலைப்புச் செய்திகள் பறந்தன. மறு ஆண்டே அதே பெனடிக்ட், குற்றவியல் அறிஞர் ஆல்ஃபிரட் ப்ளூம்ஸ்டீனோடு சேர்ந்து அதே வகைத் தரவை ஒரே வயது, ஒரே இனத்தைச் சேர்ந்த ஆண்களோடு ஒப்பிட்டார். தாக்குதல் வழக்கில் வீரர்களின் விகிதம் பொது விகிதத்தில் பாதிகூட இல்லை. 2014இல் புள்ளிவிவர எழுத்தாளர் பெஞ்சமின் மோரிஸ் செய்த கணக்கிலும் வீரர்களின் மொத்தக் கைது விகிதம் தம் வயதினரைவிட மிகக் குறைவு. ஆனால் குடும்ப வன்முறையில் மட்டும் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. வசதியான வருமானக்காரர்களோடு ஒப்பிட்டால் அது கவலைக்குரிய அளவு என்றார் அவர். இந்தக் கணக்குகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: கோடையில் அணிக்கு 90 பேர் என்று ஏறக்குறைய 2,900 ஆண்கள், அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள், ஒவ்வொரு கைதும் செய்தியாகும். திருட்டு இந்தக் கூட்டத்தில் அபூர்வம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் வீட்டுக்குள் கை நீட்டுவதும்தான் திரும்பத் திரும்ப வருபவை.

குடிபோதையில் வண்டி ஓட்டிய இரண்டு வழக்குகளை அருகருகே வைத்தால் கூட்டமைப்பின் மனம் எப்படி மாறியது என்று தெரியும். 1998 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் லெனார்டு லிட்டில், பிறந்தநாள் விருந்திலிருந்து திரும்பும்போது சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானார். 90 நாள் சிறை. கூட்டமைப்பு விதித்தது 8 ஆட்டம். தடை நடந்த அந்த 1999 பருவத்திலேயே அவர் அணி சூப்பர் போலை வென்றது. 2009 மார்ச்சில் பிரவுன்ஸின் டாண்டே ஸ்டால்வர்த் மயாமி பீச்சில் ஒருவரை இடித்துக் கொன்றார். நீதிமன்றம் தந்தது 30 நாள் சிறை, லிட்டிலுக்குத் தந்ததைவிடக் குறைவு. கூட்டமைப்பு தந்தது ஒரு முழுப் பருவத் தடை. இரண்டுக்கும் நடுவில் ஆணையர் மாறியிருந்தார், கொள்கையும் மாறியிருந்தது.

வன்முறைக் குற்றங்களுக்கென முதல் கொள்கை 1997இல் வந்தது. 2000இல் அது தனிநபர் நடத்தைக் கொள்கையாக விரிந்தது. 2006இல் பதவியேற்ற ரோஜர் குடெல் 2007 ஏப்ரலில் அதைக் கடுமையாக்கினார். நீதிமன்றத் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் உயிர்நாடி. டென்னசி டைட்டன்ஸின் ‘பேக்மேன்’ ஜோன்ஸ், லாஸ் வேகஸ் கேளிக்கை விடுதித் துப்பாக்கிச் சூடு உட்படப் பல விவகாரங்களில் அடிபட்டவர். எதிலும் அப்போது குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. அவருக்கு 2007 பருவம் முழுதும் தடை. அதே கோடையில் வந்தது மைக்கேல் விக் வழக்கு. அட்லாண்டாவின் நட்சத்திரம், 13 கோடி டாலர் ஒப்பந்தக்காரர், வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில் நாய்ச்சண்டைப் பண்ணை நடத்தியதை ஒப்புக்கொண்டு 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கொடுத்த போனஸில் ஏறக்குறைய 2 கோடி டாலரை அணி திருப்பிக் கேட்டது. அதில் பெரும்பகுதியை விக்கே வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டாட்சி நீதிபதி டேவிட் டோட்டி தீர்த்தார். 2009இல் ஃபிலடெல்ஃபியாவில் மறுபடி ஆட வந்தார். 2010இல் சிறந்த மீள்வருகை வீரர் விருது வாங்கினார். மீள்வதற்கு ஒழுங்கு எவ்வளவு உதவியதோ, அவர் கால்களின் வேகமும் அவ்வளவு உதவியது.

2014 இந்த அமைப்பை உலுக்கிய ஆண்டு. பிப்ரவரி 15 அன்று அட்லாண்டிக் சிட்டியின் ரெவல் சூதாட்ட விடுதி மின்தூக்கியில் பால்டிமோர் ரேவன்ஸின் ரே ரைஸ், தாம் மணக்கவிருந்த பெண்ணை அடித்து வீழ்த்தினார். மயங்கிய அவரை வெளியே இழுத்துவரும் காட்சி சில நாளில் வெளிவந்தது. ஜூலையில் குடெல் கொடுத்தது 2 ஆட்டம். கோர்டனின் ஓராண்டுத் தடை உறுதியானது ஆகஸ்ட் 27. மறுநாளே, ரைஸ் விவகாரத்தில் தாம் தவறியதாக உரிமையாளர்களுக்கு எழுதிய குடெல், குடும்ப வன்முறைக்கு இனி 6 ஆட்டம் அடிப்படை என்றார். செப்டம்பர் 8 அன்று மின்தூக்கிக்குள் நடந்ததன் காணொளி வெளிவந்தது. அன்றே அணி ரைஸை விலக்கியது. குடெல் காலவரையற்ற தடை விதித்தார். செயல் அதே செயல். புதிதாக வந்தது படம் மட்டுமே. முன்னாள் கூட்டாட்சி நீதிபதி பார்பரா ஜோன்ஸ் நவம்பரில் அந்தத் தடையை ரத்துசெய்தார்: ரைஸ் தம் செயலை முதலிலேயே மறைக்கவில்லை, ஒரே செயலுக்கு இருமுறை தண்டிக்க முடியாது. சட்டப்படி ரைஸ் வென்றார். ஆனால் எந்த அணியும் அவரை மறுபடி சேர்க்கவில்லை.

அதே மாதங்களில் வைக்கிங்ஸின் ஏட்ரியன் பீட்டர்சன், நான்கு வயது மகனை விளாறால் அடித்த வழக்கில் டெக்சஸில் குற்றம்சாட்டப்பட்டார். கரோலினா பாந்தர்ஸின் கிரெக் ஹார்டி, காதலியைத் தாக்கிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்று மேல்முறையீட்டில் இருந்தார். அந்தப் பெண் ஒத்துழைக்காததால் பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. இருவரும் ‘ஆணையர் விலக்குப் பட்டியல்’ என்ற, அதிகம் பயன்படாத ஓர் ஏற்பாட்டில் வைக்கப்பட்டார்கள். அங்கே சம்பளம் உண்டு, ஆட்டம் கிடையாது. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது வீரரை மைதானத்தில் காட்டாமலிருக்க இது கூட்டமைப்புக்கு வசதியானது. வீரருக்கோ பணம் வருகிறது, பெயர் போகிறது. ஹார்டிக்கு விதித்த 10 ஆட்டத்தை நடுவர் ஹெரால்டு ஹென்டர்சன் 4 ஆகக் குறைத்தார். பீட்டர்சன் விஷயத்தில் புதுக் கொள்கையைப் பழைய செயலுக்குப் பொருத்த முடியாது என்று டோட்டி 2015 பிப்ரவரியில் தீர்த்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது.

அந்த ஆண்டுகளில் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஓர் உண்மையை விலை கொடுத்துக் கற்றார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் எஃகுத் தொழிலாளர் வழக்குகள் மூன்றில் வகுத்த நெறி, தொழிற்சங்கமும் முதலாளியும் ஒப்புக்கொண்ட நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் எளிதில் தொடாது என்பது. பந்தில் காற்றைக் குறைத்த விவகாரத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாம் பிரேடிக்கு விதித்த 4 ஆட்டத்தைக் கீழ் நீதிபதி நீக்கினார். 2016இல் மேல் நீதிமன்றம் திரும்ப வைத்தது. 2017இல் டாலஸின் எசெக்கியல் எலியட், வழக்கே பதிவாகாத ஒரு குற்றச்சாட்டுக்காக 6 ஆட்டம் பெற்று, தடை உத்தரவுகளால் பாதிப் பருவம் ஆடி, இறுதியில் தண்டனையை அனுபவித்தார். ஆணையரின் அதிகாரம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைப் பேரம்பேசித்தான் திரும்பப் பெற முடியும்.

சில வழக்குகள் எந்த ஆட்டக் கணக்குக்கும் அடங்காதவை. அதே பேட்ரியட்ஸின் ஏரன் ஹெர்னாண்டஸ், 4 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்ட ஓராண்டுக்குள் கொலை வழக்கில் கைதானார். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அணி அவரை விலக்கியது. 2015இல் ஆயுள் தண்டனை. 2017 ஏப்ரலில் சிறை அறையில் இறந்து கிடந்தார். வயது 27. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ அவர் மூளையைச் சோதித்து, அடிபட்ட மூளையில் வரும் சிதைவு நோயின் நான்கு நிலைகளில் மூன்றாவதைக் கண்டார். 2012 டிசம்பரில் கான்சஸ் சிட்டியின் ஜொவான் பெல்ச்சர், தம் குழந்தையின் தாயைக் கொன்றுவிட்டு, அணியின் வளாகத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் மூளையிலும் அந்த நோயின் அறிகுறிகள் தென்பட்டன. நோய்தான் குற்றத்துக்குக் காரணம் என்று சொல்ல மருத்துவம் இடம்தரவில்லை. அந்த நோயோடு ஒரு குற்றமும் செய்யாமல் வாழ்ந்து இறந்தவர்களும் உண்டு. தொடர்பே இல்லை என்று சொல்லவும் இடமில்லை.

கொள்கை உரிமையாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. அவர்களுக்கு அளவுகோல் இன்னும் உயர்வு என்று அதுவே சொல்கிறது. 2014இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஜிம் இர்சே போதையில் வண்டி ஓட்டி மாட்டியபோது 6 ஆட்டத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் பெற்றார். அன்றைய அபராத வரம்பே அவ்வளவுதான். கோடீஸ்வரருக்கு அது எம்மாத்திரம் என்று வீரர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

2020 ஒப்பந்தத்தில் சங்கம் ஓர் இடம் பிடித்தது. நடத்தை வழக்குகளில் முதல் தீர்ப்பை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஒழுங்கு அலுவலர் சொல்வார். மேல்முறையீடு மட்டும் ஆணையரிடமே இருந்தது. முதல் பெரிய சோதனை டெஷான் வாட்சன். மசாஜ் செய்யும் பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் பாலியல் அத்துமீறல் என்று உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. டெக்சஸில் இரண்டு பெரு நடுவர் குழுக்கள் அவர்மேல் குற்றம் சாட்ட மறுத்தன. அதற்குள் கிளீவ்லண்டு அவருக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்திருந்தது. முதல் ஆண்டு அடிப்படைச் சம்பளம் மட்டும் 10.35 லட்சம் டாலர் என்று வைத்ததால், 6 ஆட்டத் தடை வந்தாலும் இழப்பு சுமார் 3.45 லட்சம். ஒப்பந்தம் எழுதுபவர்களின் கைவேலை இது. முன்னாள் நீதிபதி சூ ராபின்சன், 2022 ஆகஸ்டில், அவர் நடத்தை கூட்டமைப்பு இதுவரை கண்டவற்றைவிட மோசமானது என்று பதிந்தும், பழைய தண்டனைகளின் அளவுக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்று 6 ஆட்டமே விதித்தார். கூட்டமைப்பு மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு வருமுன்னே 11 ஆட்டம், 50 லட்சம் டாலர் அபராதம் என்று இரு தரப்பும் முடித்துக்கொண்டன.

இப்போது பல வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன. கான்சஸ் சிட்டியின் ரஷீ ரைஸ், 2024 மார்ச்சில் டாலஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 119 மைல் வேகத்தில் ஓட்டி, பலர் காயமடைந்த விபத்துக்குக் காரணமானவர். 2025 ஜூலையில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார்; 30 நாள் சிறை, ஐந்தாண்டு கண்காணிப்பு; அந்த 30 நாளை ஐந்தாண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அனுபவிக்கலாம். ஒழுங்கு அலுவலர் முன் விசாரணை செப்டம்பர் 30 என்று குறித்திருந்தது. பருவம் நடுவில் தீர்ப்பு வந்தால் எந்த ஆட்டங்கள் போகும் என்று அணிக்குத் தெரியாது. ஆகஸ்டில் வழக்கறிஞர்கள் 6 ஆட்டத்துக்கு உடன்பட்டனர். பருவத்தின் முதல் ஆறு.